முழங்கால் தரையில் பட்டால் போதாதா?

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தோட ஓடுறவர் அதைத் தவறவிட்டா அதுக்குப் பேரு ஃபம்பிள். எந்த அணி பாய்ஞ்சு எடுக்குதோ, பந்து அவங்களுக்கு.

பள்ளி, கல்லூரி ஆட்டங்கள்ல, ஓடுறவர் தானா வழுக்கி விழுந்து முழங்கால் தரையில் பட்டாலே ஆட்டம் நின்னுடும். அதுக்கப்புறம் பந்து நழுவினா ஃபம்பிள் கிடையாது.

தொழில்முறை ஆட்டமான என்எஃப்எல்-ல? எதிரணி தொட்டாதான் நிற்கும். தொடலைன்னா எழுந்து ஓடலாம். பந்து நழுவினா ஃபம்பிள்தான்.

லேசா தொட்டாப் போதுமேன்னு கேட்பீங்க. போதும்தான். ஆனா பந்தைப் பறிக்க வாய்ப்பு இருக்கும்போது யாருங்க லேசா தொடுவாங்க? தரையில் கிடக்கிறவர் மேல வேகமா வந்து விழுறாங்க.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசா தடுக்காது.

விழுந்தவர் எழுந்து ஓடுறது பார்க்க விறுவிறுப்புதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் கல்லூரி விதியே சரின்னு சொல்வேன்.

மாத்த முடியாததா? 1978-ல் ஓக்லாந்து ரைடர்ஸ் வீரர் கென் ஸ்டேப்லர் கடைசி நொடிகளில் பந்தை முன்னால் நழுவவிட்டார். சக வீரர்கள் அதைத் தள்ளிக்கொண்டே போய் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே விதி வந்துடுச்சு: கடைசி 2 நிமிடத்தில் தவறவிட்டவரைத் தவிர அவர் அணியில் வேறு யாரும் பந்தை முன்னே கொண்டுபோக முடியாது.

ஒரு தந்திரத்தைத் தடுக்க ஒரே வருஷம்தான் ஆச்சு.