உடம்பு சேமநிதிக் கணக்கு இல்லை

எங்கள் சொந்தத்தில் ஒரு வாக்கியம் உண்டு. கல்யாணம், கருமாதி, தீபாவளி என்று நாலு பேர் கூடினால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். "காட்டுல உழைச்ச உடம்பு தம்பி, ஒரு நோய் அண்டாது." நான் அதை முதல்முதலாகக் கவனித்துக் கேட்டது என் தாத்தாவின் கருமாதியில். சொன்னவர் தாத்தாவுக்குப் பங்காளி. தாத்தாவை நாங்கள் இடது கால் முட்டிக்குக் கீழே இல்லாமல்தான் புதைத்திருந்தோம். இனிப்பு நீர்.

அந்தப் பெரியவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் நம்பியதைச் சொன்னார். அதே வாக்கியத்தை இன்னும் நல்ல தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் நம் கதைகளோடுதான் எனக்குச் சண்டை.

தோட்டத்துக் கதைகளில் ஓர் உடம்பு திரும்பத் திரும்ப வருகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும், இருட்டில் நிரை பிடிக்கும், காண்டா வாளியில் பால் சுமக்கும். கருத்து முறுக்கேறிய தேகம். கதை முடியும்போது தோட்டம் விலைபோகும், லயம் இடிபடும், அந்த உடம்பு லாரி ஏறிப் போகும். அவ்வளவுதான். லாரி எங்கே போய் நின்றது, அங்கே அந்த உடம்புக்கு என்ன ஆனது என்று நான் படித்தவரை யாரும் பொறுமையாக எழுதவில்லை. வீரம் வேண்டும், கண்ணீர் வேண்டும், ஆனால் கிளினிக் வாசலில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் ஆள் நமக்கு வேண்டாம்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவன். எஞ்சின் என்றால் எரிபொருள் எவ்வளவு, வேலை எவ்வளவு, சூடாக வீணாவது எவ்வளவு என்று கேட்கத்தான் சொல்லித்தந்தார்கள். உடம்பையும் அப்படிக் கேட்கலாம். தசை சோற்றை நேரடியாக எரிப்பதில்லை. ஏடிபி என்ற மூலக்கூறை உடைத்துத்தான் சுருங்குகிறது. அதன் கையிருப்பு சில விநாடிக்குக்கூடக் காணாது. அதனால் உடைந்ததை உடனுக்குடன் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்கூட ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ஏடிபியை உடைத்துக் கட்டுகிறான். கட்டுவதற்கு மூன்று வழி. கிரியேட்டின் பாஸ்பேட் பத்து விநாடி போலத் தாங்கும். அடுத்தது ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பது. வேகமான வழி, ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிஞ்சும். மூன்றாவது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரிப்பது. அதே குளுக்கோஸுக்குச் சுமார் 30 கிடைக்கும், கொழுப்பையும் எரிக்கலாம். நம் பேராக்கின் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்த ஒரு சுற்றுக்குள் இந்த மூன்று வழியும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்துவிடும். (பேராக் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும் என்று கேட்டால் அது வேறு சண்டை.)

பால் மரம் வெட்டுவது ராஜாமணியின் ஓட்டம் மாதிரி இல்லை. மரத்துக்கு மரம் நடை, குனிந்து ஒரு வெட்டு, மங்கைச் சரிசெய்து மறுபடி நடை. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மணிக்கணக்காக. பெரும்பாலும் மூன்றாவது வழி. இதை நாள்தோறும் செய்கிற தசை தனக்குள் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிக்கொள்ளும். நம் ஆட்கள் 'உரம்' என்று சொன்னதில் பாதி இதுதான்.

அந்த உரம் சேமநிதி மாதிரி சேர்ந்துகொண்டே போகும், ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். உடம்பு கொடுப்பது நாள்கூலி. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. ராஜாமணி ஓடிய அதே 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடம்பு உச்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் கால் பங்குக்குமேல் போய்விட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருட மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் கெடுத்திருந்தது.

தாத்தாவுக்கு மூன்று வாரம் இல்லை, பல வருடம். தொண்ணூறுகளில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் கைமாறியது. ஈப்போவுக்கு வந்தார், மலிவுவிலை வீடு, ஒரு தாமானில் ஜாகா வேலை. பன்னிரண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பால்மரக் காட்டில் குடித்த அதே பால்டின் தேத்தண்ணி, அதே சீனி. காட்டில் வெட்டிவிட்டு வந்து சாப்பிட்ட அதே அளவுச் சோற்றைக் காவல் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பாட்டி இன்னும் கொஞ்சம் போட்டார், 'நைட்டு முழுக்க முழிச்சிருக்கணுமே' என்று.

இங்கேதான் உடம்பின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்துச் சர்க்கரை தசைக்குள் போக அதற்கு வாசல் திறக்க வேண்டும். இன்சுலின் வந்தால் திறக்கும். ஆனால் தசை வேலை செய்யும்போது, சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே அந்த வாசல்கள் திறக்கும். இனிப்பு நீர் உள்ளவர் உடம்பிலும் திறக்கும். வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்குத் தசை இன்சுலின் பேச்சை நன்றாகக் கேட்கும். தாத்தாவின் காட்டு வாழ்க்கையில் இந்த வாசல் தினமும் காலையில் திறந்தது. நாற்காலியில் அது மூடிக்கொண்டது. காலில் புண் வந்தபோது அவருக்கு வலி தெரியவில்லை. 'உழைச்ச கால், தானா ஆறிடும்' என்றார். அவருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்?

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. இதைச் சொன்னால் உடனே ஒருவர் 'அது நம்ம ரத்தம் தம்பி' என்பார். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே ரத்தம்தான் காட்டிலும் ஓடியது. நாற்காலிதான் புதுசு.

இன்னொரு பக்கம், காட்டு வாழ்க்கையே ஆரோக்கியம் என்று கிளம்பிவிடாதீர்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டங்களில் எத்தனை பேரைத் தின்றன. கொக்கிப்புழு குடலில் ஒட்டி ரத்தத்தைக் குடிக்கும். ஆக்சிஜனைச் சுமப்பதே ரத்தம்தானே? ரத்தம் சுண்டினால் மூன்றாவது வழியே சுருங்கிவிடும். பெரட்டில் மயங்கி விழுந்தவர்களைத் தண்டல் 'சோம்பேறி' என்று திட்டிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்தச் சோம்பேறிகளையும் சேர்த்தால்தான் 'உழைச்ச உடம்பு' முழுசாகும்.

'அப்ப எல்லாரும் ஜிம்முக்குப் போகணுமா?' என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஈப்போ போலோ கிரவுண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஓடுகிறவர்களில் நான் இருப்பேன், என்னைப் போல அஞ்சு மணிக்கு வேலை முடிந்து, நல்ல சப்பாத்து வாங்க முடிந்தவர்கள் இருப்பார்கள். எங்கள் தாமான் ஜாகா மாமா இருக்க மாட்டார். ஏழு மணிக்கு அவருக்கு ஷிப்ட் ஆரம்பம். காட்டில் நடை கூலிக்குள் அடங்கியிருந்தது. டவுனில் நடை என்பது ஓய்வு நேரம் உள்ளவனின் சொத்தாகிவிட்டது. சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடந்தாலே சர்க்கரை இறங்கும் என்று அவரிடம் சொன்னேன். 'நாற்காலிய விட்டு எழுந்தா கேமராவுல தெரியும் தம்பி, ஆபீஸ்ல இருந்து போன் வரும்' என்றார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பற்றி வாய் திறக்காமல் 'நம்ம ஆளுங்க எக்ஸசைஸ் பண்றதில்ல' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழைத்த உடம்பைப் பாடியது போதும். அடுத்த கதையை லாரி வந்து நின்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும், பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரு டார்ச்லைட், ஒற்றைச் சப்பாத்து.