பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் பேஸ்ட்

“பேக்கிங் எதற்கு? ஒரு ட்யூப் பேஸ்ட் வாங்கிப் போடு, ஆயில் லீக் நின்றுவிடும்.” வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி என்ஜின் கவரைத் தானே கழற்றத் துணிந்தவர்கள் எல்லோரும் இந்த அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். உதிரிபாகக் கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். சென்னை நிறுவனமான அனபாண்டின் பெயரே பல பட்டறைகளில் எல்லாப் பேஸ்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அந்த அளவுக்கு ட்யூப் மீது நம்பிக்கை. இந்த அறிவுரைக்குத் துணையாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று உண்மை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

“கம்பெனியிலேயே பேக்கிங் இல்லாமல் பேஸ்ட்தானே போடுகிறார்கள்?” ஆமாம். ஏராளமான கார் என்ஜின்களில் ஆயில் சம்ப்புக்குக் காகிதப் பேக்கிங் கிடையாது. பல பைக்குகளில் கிராங்க்கேஸின் இரு பாதிகளையும் நீர்ம சீலன்ட் மட்டுமே சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் அங்கே இரண்டு முகங்களும் பேஸ்டை எதிர்பார்த்தே கடையப்பட்டவை. எவ்வளவு இறுக்கினாலும் எவ்வளவு தடிமனில் பேஸ்ட் தங்க வேண்டும் என்பதை வடிவமைத்தவர் முன்பே கணக்கிட்டிருப்பார். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில், எங்கும் அறுபடாத ஒரே கோடாக, இயந்திரக் கை அதை வைக்கும். பேக்கிங் வைப்பதற்கென்று வடிவமைத்த கவரில், ஹாக்ஸா பிளேடால் சுரண்டி அலுமினியத்தில் பள்ளம் விழுந்த பிறகு, விரலால் பேஸ்டைத் தடவுகிறோம். “கம்பெனியும் நாங்களும் ஒன்றுதான்” என்று அதற்குப் பிறகும் சொல்வது கொஞ்சம் அதிகம்.

அடுத்தது தடிமன். “காகிதம் இருந்த இடத்தில் பேஸ்ட் இருந்தால் என்ன குறைந்துவிடும்?” குறைவது அரை மில்லிமீட்டர். அது சில இடங்களில் ஒன்றுமில்லை, சில இடங்களில் எல்லாம் அதுதான். பேக்கிங் கசிவைத் தடுப்பதோடு இரண்டு பாகங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியையும் நிர்ணயிக்கிறது. சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கை எடுத்துவிட்டுப் பேஸ்ட் போட்டால் சிலிண்டர் கீழே இறங்கும். பிஸ்டன் அந்த அளவுக்கு ஹெட்டை நெருங்கும், கம்ப்ரஷன் ஏறும். டூ ஸ்ட்ரோக் என்றால் போர்ட்டுகள் திறந்து மூடும் நேரமும் மாறிவிடும். ஆயில் பம்ப் மூடியில் பேக்கிங்குக்குப் பதில் பேஸ்ட் போட்டால் பல்சக்கரங்கள் மூடியில் உரசித் தேயலாம். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே கதைதான். கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கவரின் மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்பைத் தட்டி பேக்கிங் வெட்டிய பழைய மெக்கானிக்குகளைக் கேலி செய்கிறோம். அவர்கள் கையில் கிடைத்த அட்டை சரியான பொருள் இல்லைதான். ஆனால் பழைய பேக்கிங்கைத் தொட்டுப் பார்த்து அதே கனத்துக்கு அட்டை தேடினார்கள். அந்த அக்கறை இப்போது காணாமல் போய்விட்டது.

“பேஸ்ட் என்றால் எல்லாம் ஒன்றுதான், சிவப்பாக இருந்தால் சூடு தாங்கும்” என்பது இன்னொரு வாதம். கடையில் கிடைக்கும் ட்யூப்புகளில் குறைந்தது இரண்டு சாதிகள் உண்டு. இரண்டும் இறுகும் விதமே நேர் எதிர். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வெளியிலிருந்து உள்ளே இறுகுகிறது. காற்று இருக்கும் வரை இறுகாமல், உலோகங்களுக்கு நடுவே காற்றில்லாமல் மாட்டிக்கொண்டால் மட்டும் இறுகுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதை 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் பயன்பாட்டுக்கு ஏற்றதாக்கினார். பின்னாளில் லாக்டைட் என்று உலகம் அறிந்த பெயர் அதிலிருந்து வந்தது. அதன் பாட்டில் முழுதாக நிரம்பியிருக்காது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, காற்று இல்லாவிட்டால் அது பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும்.

சமமாகக் கடைந்த, விறைப்பான இரு முகங்களுக்கு நடுவே இந்தக் காற்றில்லா வகை அருமையாக வேலை செய்யும். கால் மில்லிமீட்டர் இடைவெளிக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. வளையக்கூடிய தகரச் சம்ப்புக்குச் சிலிகான்தான் பொருத்தம். ஆனால் சிலிகான் பெட்ரோலில் ஊறி உப்பும், ஆகவே கார்புரேட்டர் கிண்ணத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு ட்யூப்பும் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் வேகமாக ஓடும் என்ஜினின் புகை அதைவிட இரண்டு மடங்கு சூடாக இருக்கும். ஹெட் பேக்கிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே எரியும் வாயுவின் அழுத்தம் பெட்ரோல் என்ஜினிலேயே 50 பாரைத் தாண்டும். ஹெட் பேக்கிங் போனால் புதிய ஹெட் பேக்கிங்தான். ஹெட் கோணியிருந்தால் லேத்தில் முகம் கடைய வேண்டும். வேறு வழி கிடையாது.

இவையெல்லாம் தெரிந்தவர்களும் தவறுவது அளவில். “கொஞ்சம் கூடுதலாகவே போடு, கெட்டுப்போகாது” என்பதுதான் எனக்குத் தெரிந்து என்ஜினுக்கு மிக அதிகச் சேதம் செய்யும் வாக்கியம். கவரை வைத்து போல்ட்டை இறுக்கும்போது வெளிப்பக்கம் பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்கிறது. சிலிகானாக இருந்தால் அது உள்ளே ரப்பர் நூலாக இறுகித் தொங்கும். சூடான ஆயில் நாளெல்லாம் அதன் மேல் அடித்துக்கொண்டிருக்க, ஒருநாள் அறுந்து ஆயிலோடு போய்ச் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். பல 100 சிசி பைக்குகளில் அந்தச் சல்லடை கிளட்ச் பக்கக் கவருக்குப் பின்னால், அடியிலேயே இருக்கிறது. கவரிலேயே ஆயில் போகும் துளையும் இருப்பதுண்டு. சல்லடை அடைத்தால் ஹெட்டுக்கு ஆயில் ஏறாது. கேம்ஷாஃப்ட்டும் ராக்கரும் முதலில் கத்தும். ஹெட் சத்தத்துக்கு டேப்பட் சரிசெய்து, டைமிங் செயின் மாற்றி, அப்புறம் ஹெட்டையே கழற்றிய பிறகும் சல்லடையைப் பார்க்கத் தோன்றாதவர்கள் உண்டு. காரில் இது இன்னும் மோசம், அங்கே கிராங்க் பேரிங்குகள் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கின்றன. காற்றில்லா வகையில் இந்த ஆபத்து குறைவு. உள்ளே பிதுங்கியது காற்றும் ஆயிலும் பட்டு இறுகாமல் கரைந்துவிடும்.

“பேக்கிங்கும் போடு, இரு பக்கமும் பேஸ்டும் போடு, டபுள் சேஃப்டி.” இது டபுள் ஆபத்து. ஈரப் பேஸ்ட் காகிதத்தை வழுக்க வைக்கிறது. போல்ட்டை இறுக்க இறுக்கப் பேக்கிங் நகர்ந்து வெளியே பிதுங்கும். டேப்பட் கவரின் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் பேஸ்ட் பூசுவதும் தேவையில்லை. அரைவட்டமாக வளையும் மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு வைக்கச் சில என்ஜின்களின் சர்வீஸ் புத்தகமே சொல்லும். அந்த ஒரு சொட்டுதான்.

“பத்து நிமிடத்தில் இறுகிவிடும்” என்ற வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிலிகானில் பத்து நிமிடத்தில் இறுகுவது மேல்தோல் மட்டும். முழுதாக இறுக ஒருநாள் ஆகும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரம், குளிரில் தாமதம். அதற்குள் ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினால், பூசியது வீண். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிவிட்டு அப்படியே பூசினாலும் வீண். அவை எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். தின்னரோ பிரேக் கிளீனரோ கொண்டு துடைத்துக் காய வைத்த முகத்தில்தான் பேஸ்ட் பிடிக்கும்.

சில மலிவுச் சிலிகான்கள் இறுகும்போது வினிகர் வாசனை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், உலோகத்தை அரிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் பிஎஸ்6 வண்டிகளில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. சிலிகான் ஆவி கிராங்க்கேஸ் மூச்சுவழியாக என்ஜினுக்குள் போய் எரிந்தால் ஆக்ஸிஜன் சென்சாரின் மேல் மணல்போலப் படிந்து அதைக் குருடாக்கும். ட்யூபில் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

“பேக்கிங் வாங்குவதைவிட ட்யூப் லாபம்” என்பதை மறுக்க ஒரு வரி போதும். சைடு கவர் பேக்கிங்கின் விலையை எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது ட்யூபைவிட மலிவு.

மிச்சமிருப்பது எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி. இத்தனை வருடம் ஒழுகாத கவர் இப்போது ஏன் ஒழுகுகிறது? பேக்கிங் கிழடாகியிருக்கலாம். அல்லது யாரோ ஒருமுறை முழுபலத்தோடு இறுக்கியதில் அலுமினியத்தில் மரை போயிருக்கலாம். 6 மில்லிமீட்டர் கவர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே இறுக்கம் போதும். மரை போன துளைக்கு லேத்தில் புது மரை போடாமல் ட்யூப் ட்யூபாகப் பூசினாலும் ஆயில் வரும். ஸ்க்ரூடிரைவர் நுழைத்து நெம்பிக் கழற்றியதில் கவர் கோணியிருக்கலாம். கண்ணாடிப் பலகையில் எமரி ஷீட்டை விரித்துக் கவரை மெல்லத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். கிராங்க்கேஸின் மூச்சுவழியான பிரீதர் ட்யூப் மடங்கியோ சேறு அடைத்தோ இருக்கலாம். அப்போது பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு கிராங்க்கேஸுக்குள் தேங்கி, இருப்பதிலேயே பலவீனமான மூட்டு வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த மூட்டைப் பேஸ்டால் அடைத்தால் அடுத்த பலவீனமான மூட்டு, பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆயில் சீல், ஒழுகத் தொடங்கும். பிரீதர் ட்யூபை உருவி ஊதிப் பார்ப்பதற்கோ பெரும்பாலான வண்டிகளில் ஸ்பேனர்கூட வேண்டியதில்லை.