அரை நாள் வேலைக்கு முழுக் கூலியா?

அனந்தபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “ஜன்னல் கண்ணாடி துடைக்கத் திண்டிவனத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தவர் பகல் ஒரு மணிக்கே முடித்துவிட்டு, நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்றார். போன வருஷம் வந்த பெரியவர் பொழுது சாயும் வரை துடைத்து எழுநூறுதான் வாங்கினார். நான் ஐந்நூறு கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் செய்தது தப்பா?”

தப்புத்தான் அம்மா. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

பெரியவர் கையில் இருந்தது பழந்துணியும் செய்தித்தாளும். இவர் கையில் ரப்பர் பட்டை வைத்த வைப்பர். ஒற்றைப் பட்டை வைத்த இந்த வைப்பரை உருவாக்கி, அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர். கை பழகிவிட்டால் ஒரே இழுப்பில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கம்பி வைத்த பழைய மர ஜன்னலில் அதன் ஜம்பம் சாயாது. அங்கே பெரியவரின் துணிதான் ராஜா! பட்டணங்களில் மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. நீண்ட கழியின் நுனியில் பிரஷ், அதற்குள் உப்பு நீக்கிய தண்ணீர். துடைக்காமலே காயும், வெள்ளைத் திட்டு விழாது. ஏணியும் வேண்டாம். ஆனால் சாமானுக்கு முதல் நிறைய வேண்டும்.

சரி, ஆயிரம் எப்படி வந்தது? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். வீட்டுச் செலவு மாதம் 14,000. பஸ், சோப்பு, தேய்ந்த ரப்பர், ஏணிக்கு எடுத்து வைப்பது 2,000. மாதத்தில் வேலை கிடைப்பது பதினாறு நாள் என்றால், நாளுக்கு ஆயிரம். மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் உண்டு. இவருக்கு மழை பெய்தால் அடுப்பு எரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்ததே, அந்த வாரம் யார் ஜன்னல் துடைக்கக் கூப்பிட்டிருப்பார்கள்?

நீங்கள் வாங்கியது மணி நேரத்தை அல்ல, சுத்தமான ஜன்னலை. அதே ஜன்னல்களுக்குப் போன வருஷம் எழுநூறு கொடுத்தீர்கள். சீக்கிரம் முடித்த குற்றத்துக்கு இருநூறு அபராதமா? (பெரியவருக்குத்தான் நியாயமாக இன்னும் கொடுத்திருக்க வேண்டும், அது வேறு வழக்கு.) முன்கூட்டிப் பேசாததால் ஆயிரத்தை முழுதாகக் கேட்பதும் அவருக்கு அழகல்லதான். ஆனால் திண்டிவனத்திலேயே என்றால் பிற்பகல் வேறு வீடு பிடித்திருப்பார். உங்கள் ஊரில் ஒரு மணிக்கு மேல் யார் வீட்டுக்குப் போவார்?

அடுத்த தடவை ஜன்னலுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கம்பி ஜன்னலுக்கும் மாடி ஜன்னலுக்கும் தனி விலை. சன்ஷேடில் மட்டும் ஏறச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு மாமியையும் சேர்த்துக்கொண்டால் அவருக்கு நாள் நிரம்பும், உங்களுக்கும் விலை குறையும். இப்போதைக்கு, அவர் போன் நம்பர் இருக்குமல்லவா? பாக்கி இருநூறை அனுப்பிவிடுங்கள்.