“மனம் வைச்சா விடலாம்” என்று சொல்லாதீர்கள்

எங்கள் வீடுகளில் சிகரெட் பற்றிய பேச்சு வந்தால் ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: “மனம் வைச்சா விடலாம்.” அப்பாமார் சொல்வார்கள், மாமாமார் சொல்வார்கள். சிலர் கையில் சிகரெட்டோடு நின்றே சொல்வார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த நாங்களும் அதை அப்படியே நம்புகிறோம். விட முடியவில்லை என்றால் மனத்திடம் இல்லை, உதவி கேட்டால் வெட்கக்கேடு. என்னைக் கேட்டால், எங்கள் பிள்ளைகள் பலரை வேப்போடு கட்டி வைத்திருப்பது இந்த நினைப்புத்தான்.

நான் வைத்தியர் இல்லை, கணினி வேலை செய்கிறவன். ஆனால் இதில் விளங்காத இரகசியம் எதுவும் இல்லை. இழுத்த நிக்கொட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. மூளை மறுபடி கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், நித்திரைக் குழப்பம், படிப்பில் மனம் நிற்காமை. முதல் சில நாட்கள் இது கடுமையாக இருக்கும், பிறகு சில வாரங்களில் தணியும். மூன்றாம் நாள் மறுபடி வேப்பைத் தேடுகிற பிள்ளைக்கு ஒழுக்கம் குறைந்துவிடவில்லை. அந்தக் கடுமையான நாட்களைத் தாண்ட அவருக்கு ஒரு துணையும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேப் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. சிகரெட் எரிந்து முடியும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. மாம்பழ வாசம் வந்தால் அம்மாவுக்கும் சந்தேகம் வராது. ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை விற்பது 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடை. ஆனால் மறுபடி நிரப்பும் வேப்கள் கடைகளில் இருக்கின்றன, மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின் வரை சட்டமே அனுமதிக்கிறது. கடைத் தட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்ததால் பழக்கம் போய்விடாது.

உதவி உண்மையில் வேலை செய்யுமா? 1979இல் மைக்கல் ரசல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் ஜிபிமாரோடு செய்த ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவர்களில் ஒரு வருடம் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் 0.3 வீதம். ஜிபி ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்று சொன்னவர்களில் 5.1 வீதம். சின்ன எண்தான். ஆனால் அதற்குச் செலவானது இரண்டு நிமிடம்.

இன்று கிடைப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். இங்கிலாந்தில் புகைத்தலை விட உதவும் இலவச சேவைகளை உள்ளூர் கவுன்சில்கள் நடத்துகின்றன. ஒரு ஆலோசகர் உங்களோடு ஒரு திகதி குறிப்பார், அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை கதைப்பார். நாள் முழுக்க மெதுவாக நிக்கொட்டின் தரும் பட்டையையும், ஆசை வரும் நேரத்துக்கு கம் அல்லது ஸ்பிரேயையும் சேர்த்துத் தரலாம். இவற்றை 12 வயதிலிருந்தே பாவிக்கலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வரெனிக்ளின், சைட்டிசின் என்ற மாத்திரைகளும் இருக்கின்றன. முதலாவது வழக்கமாக 12 கிழமை, இரண்டாவது 25 நாள். சிகிச்சையும் ஆலோசனையும் சேர்ந்தால் சிகரெட்டை விடும் வாய்ப்பு மூன்று மடங்கு என்கிறது என்எச்எஸ். வேப்பை விடவும் பல இடங்களில் உதவுகிறார்கள், கேட்டுப் பாருங்கள். வேப்பைக் கொண்டு சிகரெட்டை விட்டவர் என்றால் அவசரப்பட்டு எறிந்துவிட்டு சிகரெட்டுக்குத் திரும்பாதீர்கள். நிக்கொட்டின் அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.

இப்போது உண்மையான பயத்துக்கு வருவோம். “எங்கட ஜிபி தமிழ் ஆள், அப்பாவைத் தெரியும். பார்மசி அங்கிள் கோயில்ல அம்மாவைக் காணுவார்.” இந்தப் பயம் நியாயமானது. எங்கள் ஊரில் கதை எப்படிப் பரவும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வைத்தியரும் மருந்தாளரும் நோயாளியின் விசயத்தை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் வேலைக்கே ஆபத்து. நீங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர் என்றாலும், உங்களுக்குப் பாரதூரமான ஆபத்து இல்லாதவரை, உங்களைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பார்மசியில் தனி அறையில் கதைக்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படியும் மனம் ஒப்பவில்லையா? வேறு பார்மசிக்குப் போங்கள், அல்லது 0300 123 1044 என்ற இலவச உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

தனியாக விட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கணக்குக்கு ட்யூசன், மிருதங்கத்துக்கு வாத்தியார், கார் ஓடப் பழக இன்னொருவர். பிள்ளை தனியாகப் படிக்கட்டும் என்று எங்கள் பெற்றோர் ஒருநாளும் விட்டதில்லை. நிக்கொட்டினுக்கு மட்டும் ஏன் தனியாகப் போராட வேண்டும்?

இந்தக் கிழமை ஒரு அழைப்பு எடுங்கள். நீங்கள் பிடிக்காதவர் என்றால், பிடிக்கிற சிநேகிதருக்குப் புத்தி சொல்லாமல் அவரோடு பார்மசி வரை நடந்து போங்கள். முப்பது வருடமாகப் பின்வளவில் நின்று பிடிக்கிற அப்பாவுக்கும் இதே சேவை இருக்கிறது. ஆங்கிலத்தில் கதைக்க அவர் தயங்கினால், ஃபோனைப் பிடித்துக் கதைக்க நீங்கள் இருக்கிறீர்கள்.