சுவர் எழும்பும் முன் எல்லையை அளப்போம்

வீட்டின் பின்புறம் ஓர் அறை சேர்க்க நினைப்பவர் முதலில் கொத்தனாரைப் பார்க்கிறார். பிறகு கம்பி, சிமென்ட் விலை விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிவது கடைக்கால் தோண்டும் அன்றுதான். மாலையில் வாய்ச்சண்டை, அடுத்த வாரம் காவல் நிலையம், பிறகு உரிமையியல் நீதிமன்றம். நில அளவையராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் இதை எத்தனையோ தெருக்களில் பார்த்துவிட்டேன். இதைத் தடுக்க முடியும். விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்பவர், எல்லையை அளந்த வரைபடத்தையும், அக்கம்பக்கத்தாருக்கு எழுத்தில் தெரிவித்ததற்கான சான்றையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், அனுமதிக்கு முன் யாரும் இடத்தை வந்து பார்ப்பதில்லை. பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. அந்த இடைவெளியை மனையின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். எல்லையே தப்பு என்றால், விட்ட இடமும் தப்புதான். கட்டட அனுமதி நில உரிமைக்குச் சான்றும் ஆகாது.

ஒரு தெருவில் அடுத்தடுத்து மூன்று மனைகள். மூன்று பத்திரங்களிலும் கிழமேல் 30 அடி. கூட்டினால் 90 அடி. நில அளவைத் துறையின் புலப்படத்தில் அந்த மூன்று மனைகளும் அடங்கிய உட்பிரிவின் கிழமேல் நீளம் 27 மீட்டர், அதாவது 88 அடி 7 அங்குலம். மேற்கு மூலையில் சர்வே கல் அசையாமல் இருந்தது; அங்கிருந்து டேப் பிடித்துக் கிழக்கே வந்தால் கடைசி மனைக்காரருக்கு 1 அடி 5 அங்குலம் இல்லை. மூன்று பேரும் யாரையும் ஏமாற்றவில்லை. மனை பிரித்து விற்றவர் சரியாக அளக்கவில்லை. நடுவீட்டுக்காரர் மாடிப்படி கட்டத் தொடங்கும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது காங்கிரீட் போட்டாகிவிட்டது.

இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். கூட்டுப் பட்டாவில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே புலப்படத்தில் கோடே இருக்காது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் மனை விற்றவர் நட்ட கல்லையே சர்வே கல் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். சுவரை எல்லைக்குள் கட்டினாலும் தூணின் அடித்தளம் மண்ணுக்கடியில் அடுத்த மனைக்குள் போய்விடும். மேலே சன்ஷேட் பக்கத்து வீட்டாரின் தலைக்கு மேல் நீளும். மொட்டைமாடித் தண்ணீர் அவர் சுவரில் இறங்கும். 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

வழக்குப் போட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும். அவர் நில அளவையரை அழைத்துவந்து அளப்பார். ஆக, அளவை எப்படியும் நடக்கத்தான் போகிறது. சுவர் எழும்பும் முன் நடந்தால் கயிற்றை நகர்த்தினால் போதும். எழும்பிய பிறகு என்றால் இடிக்க வேண்டும். விதிமீறிய கட்டடத்தைப் பணம் செலவழித்தாயிற்று, காலம் கடந்துவிட்டது என்ற காரணங்களைக் காட்டிக் காப்பாற்ற முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டிலேயே பொதுச்சுவர்ச் சட்டம் வந்துவிட்டது. பொதுச்சுவரில் கை வைப்பவர் இரண்டு மாதத்துக்கு முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள், அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் ஒரு மாத அறிவிப்பு தேவை. உடன்பாடு ஏற்படாவிட்டால் அளவையர்கள் தீர்த்துவைப்பார்கள்.

இங்கே அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டார் வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுவார்கள், பணம் கேட்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால் அவருக்குத் தடுக்கும் அதிகாரம் தரவே கூடாது. 15 நாட்களுக்குள் எல்லை குறித்தும் விட வேண்டிய இடைவெளி குறித்தும் மட்டும் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பதில் வராவிட்டால் அனுமதி தானாகவே கிடைத்துவிட வேண்டும். கூட்டுப் பட்டாதாரர்களுக்கு உட்பிரிவு செய்வதை விரைவுபடுத்த வேண்டும். அளவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் விதி செல்லாக்காசாகிவிடும். போதிய நில அளவையர்களை நியமிப்பது அரசின் கடமை.

இப்போதே கட்டப்போகிறவர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லை அளவைக்கு விண்ணப்பியுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். கல் இருக்கும் இடத்தை இருவரும் பார்த்து, வரைபடத்தில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.