பிரீமியம் கட்டாத காப்புறுதி

கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரையுள்ள சிறு படகுக்காரருக்கு உலக எண்ணெய்ச் சந்தை மண்ணெண்ணெய் விலையாகத்தான் வந்து சேர்கிறது. 2012 பெப்ரவரியில் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவானபோது, சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவர்களில் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2022 ஓகஸ்டில் அதே லீற்றர் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. ஆகவே மசகு எண்ணெய் விலை விழுந்து கிடக்கும்போதெல்லாம், "இது எப்படியும் திரும்ப ஏறும், இப்போதே ஏதாவது ஏற்பாடு செய்யக்கூடாதா?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் விலை ஏற்ற இறக்கத்திலிருந்து முன்கூட்டியே காத்துக்கொள்ளும் 'ஹெஜிங்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் அரசியல்வாதிகள் பதறுகிறார்கள். 2008இல் பட்ட சூடு அப்படி. அந்தச் சூட்டிலிருந்து அவர்கள் கற்ற பாடம் தப்பானது என்பதே என் வாதம்.

அப்போது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சிட்டி, ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட், டொய்ச்சே உள்ளிட்ட வங்கிகளோடு எண்ணெய் ஒப்பந்தங்கள் செய்தது. டொய்ச்சே ஒப்பந்தம் 2008 ஜூலையில், பீப்பாய் 147 டொலரைத் தொட்ட அதே மாதத்தில் கையெழுத்தானது. 112.50 டொலருக்கு மேலே விலை போனால் வங்கி வித்தியாசத்தைக் கொடுக்கும். மொத்தம் 25 இலட்சம் டொலர் கொடுத்ததும் ஒப்பந்தம் முடிந்துவிடும். கீழே போனால் மாதம் ஒரு இலட்சம் பீப்பாய்க்குக் கூட்டுத்தாபனம் கொடுக்கவேண்டும். அதற்கு உச்சவரம்பே இல்லை. விலை 40 டொலருக்கு இறங்கினால் ஒரே மாதத்தில் 72.5 இலட்சம் டொலர்! ஆண்டு முடிவதற்குள் விலை அங்கேயே இறங்கியும் விட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை நிறுத்தியது. வழக்குகள் வெளிநாட்டுக்குப் போயின. சிட்டி தோற்றது. 2012இல் டொய்ச்சேக்கு 6 கோடி டொலருக்கு மேல் தீர்ப்பானது. இதை 'ஒப்ஷன் வாங்கி நட்டப்பட்ட கதை' என்று சொல்வது பிழை. ஒப்ஷன் என்பது குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமை. கைக்காசு போடாமல் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக, கூட்டுத்தாபனம் வங்கிக்கு ஒப்ஷன் விற்றது. நட்டம் அங்கிருந்துதான் வந்தது.

ஒப்ஷன் வாங்குவது வேறு வகை. காணிக்கு அச்சாரம் கொடுப்பதைப் போல, குறித்த விலைக்கு எண்ணெய் வாங்கும் உரிமைக்கு இன்று பிரீமியம் கட்டுகிறோம். உதாரணத்துக்கு, சந்தை விலை 60 டொலர். 65 டொலருக்கு வாங்கும் உரிமைக்கு 3 டொலர் பிரீமியம். விலை 90 டொலரானால் 25 டொலர் கைக்கு வரும். விழுந்தால் போவது அந்த 3 டொலர் மட்டும். 80 டொலருக்கு வாங்கும் உரிமையை வேறொருவருக்கு விற்று 1 டொலரை மீட்கவும் வழியுண்டு. இலாபம் தேடும் வியாபாரிக்கு அது நல்ல உத்தி. இறக்குமதி செய்யும் நாட்டுக்கு நான் சொல்லமாட்டேன்: 80 டொலரைத் தாண்டிய ஏற்றம்தான் படகைக் கரையில் கட்டிப்போடும், அந்த இடத்திலேயே பாதுகாப்பு அறுந்துவிடும்.

விலை ஏறாவிட்டால் பிரீமியம் வீண்தானே, கணக்காய்வாளர் விடுவாரா என்பார்கள். மீன்பிடிப் படகுக்குக் காப்புறுதி எடுத்துவிட்டு, அது மூழ்கவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை. எண்ணெய் விற்கும் மெக்சிக்கோ பல ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டி விற்கும் உரிமையை வாங்குகிறது. எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பணம் திரும்பவில்லை. 2009இல் ஏறத்தாழ 500 கோடி டொலர் வந்தது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: விலை மீளும் என்று எல்லோரும் நம்பும்போது அந்த நம்பிக்கை பிரீமியத்திலேயே ஏறியிருக்கும், பயம் மிகுந்த நாட்களில் அது இன்னும் கூடும். உண்மை. அதனால்தான் இதைப் பணம் பண்ணும் வழியாகச் சொல்லவில்லை. ஆனால் 'அடிமட்டத்துக்கு வந்துவிட்டது' என்று நம்பி குறித்த விலைக்கு வாங்கியே தீரவேண்டிய எதிர்கால ஒப்பந்தத்தை நேரடியாக வாங்குவது அதைவிட ஆபத்து. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் பூச்சியத்துக்கும் கீழே, மறை 37.63 டொலருக்குப் போனது. அன்று வாங்கும் உரிமை வைத்திருந்தவருக்குப் போனது பிரீமியம் மட்டுமே.

டொலர் தட்டுப்படும் வேளையில் பிரீமியத்துக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கேள்விதான். இறக்குமதி முழுவதற்கும் வேண்டாம், படகுகளுக்கான மண்ணெண்ணெய் அளவுக்கு மட்டும் தொடங்கலாம். இனி இப்படியொரு யோசனை அமைச்சரவைக்குப் போகும் நாளில், புத்தளம் கரையோரக் கடற்றொழில் சங்கங்கள் ஒன்றையாவது எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: விலை எங்கே போனாலும், நாங்கள் இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகை எவ்வளவு?