கையெழுத்து மூணு, கண்ணு எத்தனை?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச பதிவு. படிச்சிட்டுத் திட்டறவங்க தாராளமா திட்டுங்க மக்கா.

"மல்டிசிக் வாலட்ல வச்சிருக்கேன், இனி கவலையில்லை"ன்னு ஒரு கூட்டம் சுத்துது. மூணு சாவி, அதுல ரெண்டு சேர்ந்தாத்தான் காசு நகரும். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஒரு சாவி விழுப்புரத்துல என்கிட்ட, ஒண்ணு திண்டிவனத்துல மச்சான்கிட்ட, மூணாவது பேங்க் லாக்கர்ல. உள்ளே இருக்கறது பொண்ணு காலேஜுக்குச் சேர்த்த பிட்காயின்.

போன வருஷம் ஒருநாள், ரயிலுக்குக் கிளம்பற நேரத்துல மச்சான் போன். "மாமா, ஃபைல் அனுப்பியிருக்கேன், கையெழுத்து போட்டு விட்டுடுங்க." போட்டேன். கருவித் திரையில வந்த முகவரியைப் பார்க்கவே இல்லை. வண்டி செங்கல்பட்டு தாண்டும்போதுதான் உறைச்சுது: மச்சானோட கம்ப்யூட்டர்ல எவனாவது பூந்து முகவரியை மாத்தியிருந்தா? காசு சரியாத்தான் போச்சு. அது எங்க சாமர்த்தியம் இல்லை. எவனும் வரலை, அவ்வளவுதான்.

இதே மச்சான் மனை வாங்கினப்போ, சார்பதிவாளர் ஆபீஸ்ல சர்வே நம்பர், செக்குபந்தி, அளவுன்னு மூணு தடவை படிச்சப்புறம்தான் பேனாவையே தொட்டார். கிரிப்டோவும் சொத்துதான்னு சென்னை ஐகோர்ட்டே 2025 அக்டோபர்ல சொல்லிடுச்சு. அப்போ அதுக்கு மட்டும் ஏன் படிக்காம கையெழுத்து?

வசீர்எக்ஸ் கதை ஞாபகம் இருக்கா? 2024 ஜூலை 18. ஆறு சாவி வாலட். அஞ்சு அவங்ககிட்ட, ஒண்ணு லிமினல் கம்பெனிகிட்ட. நாலு கையெழுத்து வேணும். நாலும் விழுந்துச்சு, சுமார் 23 கோடி டாலர் போச்சு. திரையில தெரிஞ்சது ஒண்ணு, கையெழுத்தானது வேறொண்ணுன்னு வசீர்எக்ஸ் சொன்னது. எங்க பக்கம் ஓட்டை இல்லைன்னு லிமினல் சொன்னது. சண்டை அவங்களோட, காசு மக்களோட.

அடுத்த வருஷமே பைபிட். 2025 பிப்ரவரி 21, ஏறக்குறைய 150 கோடி டாலர். கடைசிக் கையெழுத்து போட்டது அந்தக் கம்பெனித் தலைவர் பென் சோ. அவங்க பயன்படுத்தின சேஃப் வாலட் பக்கத்தோட நிரலையே திருடனுங்க மாத்தி வச்சிருந்தாங்க. வட கொரியா வேலைன்னு எப்.பி.ஐ. சொன்னது.

ரெண்டு இடத்துலயும் பூட்டு உடையலை. கையெழுத்து போட்டவங்க எல்லாரும் ஒரே திரையை நம்பினாங்க. நாலு பேர் ஒரே கண்ணால பார்த்தா அது ஒரே கையெழுத்துதான் சாமி!

இப்போ எங்க வீட்டுச் சட்டம் இது:

1. ஒவ்வொரு சாவியும் வேற வேற கம்பெனி கருவியில. சீட் வார்த்தைகளை அவங்கவங்களே பேப்பர்ல எழுதி வைக்கணும். போன்ல போட்டோ எடுத்தா உதைதான்.

2. கம்ப்யூட்டர் காட்டறதை நம்பாம, கருவியோட திரையில வர்ற முகவரியையும் தொகையையும் படிக்கணும். அந்த முகவரியைப் பணம் வாங்கறவர் வாயால போன்ல சொல்லணும்.

3. கருவி புரியாத எண்ணையும் எழுத்தையும் மட்டும் காட்டினா (எத்திரியம் ஒப்பந்த வாலட்டுகள்ல இது சகஜம்) கையெழுத்து கிடையாது.

4. மூணு பொதுச்சாவியும் இருக்கற வாலட் அமைப்பு ஃபைல் மூணு இடத்துலயும் இருக்கணும். ஒரு கருவியும் அதோட சீட்டும் தொலைஞ்சு, இந்த ஃபைலும் இல்லைன்னா, மிச்ச ரெண்டை வச்சுக்கிட்டு தலையில கை வைக்க வேண்டியதுதான்.

5. சின்னத் தொகை போட்டு, ஒரு சாவி தொலைஞ்ச மாதிரி மீட்டுப் பார்த்தப்புறம்தான் பெரிய தொகை.

"இவ்ளோ கஷ்டமா?"ன்னு கேப்பீங்க. கஷ்டமே இல்லாம வேணும்னா மூணு சாவியையும் ஒரே பீரோவுல வச்சுப் பூட்டுங்க. அதுக்கு மல்டிசிக்னு பேர் மட்டும் வைக்காதீங்க.

டிஸ்கி: மச்சான் இப்போல்லாம் போன் பண்ணினதும் முகவரியை ஒவ்வொரு எழுத்தா படிக்கிறார். கேக்க எரிச்சலாத்தான் இருக்கு. இருக்கட்டும்.